கேஸ் ஸ்டடி ஆய்வுமுறை: எட்டு வார ஆன்லைன் கோர்ஸ் முடிச்சேன், என் ரிவ்யூ

ரேட்டிங்கை முதல்லயே சொல்லிடுறேன், அஞ்சுக்கு நாலு. அந்த ஒண்ணு ஏன் குறைஞ்சுதுன்னு கீழ வரும். எட்டு வாரம், வாரத்துக்கு மூணு நாலு வீடியோ, படிக்க ரெண்டு கட்டுரை, ஒரு அசைன்மென்ட், ரெண்டு வாரத்துக்கு ஒருக்க லைவ் வகுப்பு, இதுதான் கோர்ஸ். ஒரு ஆளையோ இடத்தையோ நிகழ்வையோ 'கேஸ்'னு எடுத்துக்கிட்டு ஆழமா படிக்கிற ஆய்வுமுறைதான் பாடம். பேரை இங்க போடல, ஏன்னா குறை சொல்ற இடமும் இருக்கு. அதுவும் போக ஏறக்குறைய இதே வரிசையில நடத்துற கோர்ஸ் நிறைய இருக்கு, நீங்க எதுல சேர்ந்தாலும் நான் சொல்றதெல்லாம் அதுல இருக்கான்னு பாத்துக்கலாம்.

ஏன் சேர்ந்தேன்னா, நான் சமூகவியல்ல பிஎச்டி ரெண்டாவது வருஷம். ஒரு கிளை நூலகத்தைப் பத்திதான் ஆய்வு. சுத்தி இருக்குற மத்த கிளைகள்ல வாசகர் வரத்து வருஷாவருஷம் குறைஞ்சிட்டே வருது, இந்த ஒண்ணுல மட்டும் ஏறிட்டே இருக்கு, அது ஏன்? அவ்வளவுதான் என் கேள்வி. ப்ரொபோசல் சமர்ப்பிச்ச அன்னிக்கு பேனல்ல ஒருத்தர் கேட்டாரு, "ஒரே ஒரு நூலகம், சாம்பிள் சைஸ் ஒண்ணு, இதை வச்சு பொதுவா என்ன சொல்லப் போறீங்க?" எனக்கு வாய் வரல. கைடு மேடம்தான் ஏதோ சொல்லி அந்த நேரத்தைக் கடத்துனாங்க. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடல. அவர் வேணும்னு மட்டம் தட்டல, நியாயமான கேள்விதான், அதுக்கு ஒரு பதில் இருக்கும்னு தெரியுது ஆனா அந்தப் பதில் என்கிட்ட இல்ல, அதுதான் உறுத்துச்சு.

முதல்ல தமிழ்லதான் தேடிப் பாத்தேன். நம்ம பாடப்புத்தகங்கள்ல கேஸ் ஸ்டடிக்கு 'தனியாள் ஆய்வு'ன்னு போட்டிருப்பாங்க. உளவியல்லயும் பி.எட்.லயும் அது பொருந்தும், ஏன்னா அங்க ஒரு மாணவனையோ ஒரு நோயாளியையோ எடுத்துக்கிட்டு ஆழமா பாக்குறது வழக்கம். ஆனா சமூக அறிவியல்ல கேஸ்ங்கிறது ஆளா இருக்கணும்னே இல்ல, ஒரு சங்கம், ஒரு தேர்தல், ஒரு ஆஸ்பத்திரி வார்டு, ஒரு முடிவு எடுத்த பதிமூணு நாள், எதுவும் கேஸா இருக்கலாம். அந்தச் சொல்லு மனசுல இருந்ததாலயே ரொம்ப நாளா நான் நூலகத்துக்கு வர்ற ஒவ்வொரு வாசகரையும் ஒரு கேஸா எண்ணிக்கிட்டு இருந்தேன், பேட்டி எண்ணிக்கை ஏற ஏற ஆய்வு பலமாகுதுன்னு நினைச்சேன். இது எவ்வளவு பெரிய கோணல்னு நாலாவது வாரத்துலதான் புரிஞ்சுது. நான் இனிமே கேஸ் ஸ்டடின்னே எழுதுறேன், குழப்பம் வேணாம்.

முதல் வாரமே என்னைப் பிடிச்சு உக்கார வச்சிடுச்சு. வரலாறு சொல்றேன்னு பழைய பேரெல்லாம் வரிசையா அடுக்கல, ஒரே ஒரு ஆளை எடுத்தாங்க, டொனால்ட் கேம்ப்பெல். சோதனை ஆய்வு எப்படி வடிவமைக்கணும்னு 1963ல ஸ்டான்லியோட சேர்ந்து எழுதுனவரு. ஒரு குழுவை ஒரே ஒரு தடவை மட்டும் பாத்துட்டு முடிவுக்கு வர்ற ஆய்வுக்கு அறிவியல் மதிப்பு அனேகமா கிடையவே கிடையாதுன்னு அதுல அடிச்சுச் சொன்னவரு. எங்க பேனல்ல கேட்ட கேள்விக்கெல்லாம் தாத்தா கேள்வி அதுதான். அதே கேம்ப்பெல் 1975ல இன்னொரு கட்டுரை எழுதுறாரு, முன்ன சொன்னதுல இருந்து பின்வாங்கி. ஒரு கேஸை ஆழமா படிக்கிறவன் தன்னோட விளக்கம் ஒரே ஒரு விஷயத்துல பொருந்துதான்னு பாக்குறது இல்ல, அந்த விளக்கம் சரின்னா வேற என்னென்ன நடந்திருக்கணும்னு பத்து இருபது இடத்துல சரிபாக்குறான், பல நேரம் அவனுக்குப் பிடிச்ச தியரியே அதுல அடிபட்டுப் போகுது, அப்ப அது வெறும் ஒண்ணு இல்லங்கிறாரு. பன்னெண்டு வருஷத்துல ஒரு பெரிய ஆளு தன் கருத்தை மாத்திக்கிட்டு அதை வெளிப்படையா எழுதுறது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அந்த வீடியோவை ரெண்டு தடவை பாத்தேன்.

ரெண்டாவது வாரம் ராபர்ட் யின், ராபர்ட் ஸ்டேக். இந்த ரெண்டு பேரும் இல்லாம எந்தக் கோர்ஸும் இருக்காது. யின் 1984ல எழுதுன புத்தகம்தான் இன்னிக்கு வரைக்கும் திருத்தித் திருத்தி எல்லாரும் கையில வச்சிருக்குறது. 'எப்படி', 'ஏன்'னு கேள்வி இருந்து, நடக்குற விஷயம் இப்ப நடக்குறதா இருந்து, அதை நீங்க கட்டுப்படுத்த முடியாதுன்னா கேஸ் ஸ்டடி பக்கம் வாங்க, 'எத்தனை பேரு', 'எவ்வளவு'ன்னு கேள்வின்னா சர்வேக்குப் போங்கன்னு தெளிவா பிரிச்சிடுறாரு. அவரோட இன்னொரு வரி, விஷயமும் அதோட சூழலும் எங்க பிரியுதுன்னு கோடு போட முடியாத இடத்துலதான் இந்த முறை வேலை செய்யும்ங்கிறது. என் நூலகத்துக்கு அப்படியே பொருந்துச்சு, வாசிப்பைச் சூழல்ல இருந்து பிச்சு எடுத்தா மிச்சம் எதுவும் இருக்காது. ஸ்டேக் 1995ல எழுதுனது வேற மனசு, கேஸ் மேல பிரியத்தோட எழுதுறாரு. அந்தக் கேஸுக்காகவே அதைப் படிக்கிறது ஒண்ணு, வேற ஒண்ணைப் புரிஞ்சுக்க அதைக் கருவியா எடுக்குறது ஒண்ணு, பல கேஸைச் சேர்த்துப் படிக்கிறது ஒண்ணுன்னு மூணா பிரிக்கிறாரு. ரெண்டு பேரையும் சண்டைக்கு நிறுத்தாம ரெண்டு பேருகிட்டயும் எடுத்துக்க வேண்டியதை எடுத்துக்கிட்டாங்க, அது நல்லா இருந்துச்சு.

இப்ப மூணாவது வாரம். கோர்ஸோட உசிரே இதுதான்னு சொல்வேன், கேஸை எப்படித் தேர்ந்தெடுக்குறது. இதுவரைக்கும் நான் படிச்ச மெத்தடாலஜி வகுப்பு எதுலயும் இதை இப்படி யாரும் சொல்லித் தரல. 1911ல ராபர்ட் மைக்கேல்ஸ் ஒரு புத்தகம் எழுதுறாரு. எந்த அமைப்பா இருந்தாலும் வளர வளர ஒரு சின்னக் கூட்டம் மேல போய் உக்காந்துக்கும்னு நிரூபிக்கணும், அதுக்கு எந்தக் கட்சியை எடுக்கலாம்? மன்னராட்சி வேணும்கிற பழமைவாதக் கட்சியை எடுத்தா யாரும் ஆச்சரியப்படப் போறதில்ல. அவரு முக்கியமா எடுத்தது ஜனநாயகத்துக்காகவே பாடுபடுறோம்னு சொன்ன சோசலிஸ்ட் கட்சிகளை, அதுலயும் ஜெர்மன் சோஷியல் டெமாக்ரட் கட்சியை. அங்கயே இப்படி ஆகுதுன்னா வேற எங்கதான் ஆகாது? ஹாரி எக்ஸ்டைன் 1975ல இதுக்கு 'க்ரூஷியல் கேஸ்'னு ஒரு பேரே கொடுத்தாரு. நடக்க வாய்ப்பே கம்மியான இடத்துல நடந்துச்சுன்னா தியரிக்குப் பலம், கட்டாயம் நடக்க வேண்டிய இடத்துல நடக்கலன்னா தியரிக்கு அடி. பாத்தீங்களா, எத்தனை கேஸுங்கிறது இங்க கேள்வியே இல்ல, எந்தக் கேஸுங்கிறதுதான்.

அடுத்த வீடியோவுல மைக்கேல்ஸுக்கு எதிர்க்கேஸ். லிப்செட், ட்ரோ, கோல்மன் மூணு பேரும் சேர்ந்து 1956ல வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவுல அச்சுக்கோப்பாளர்களோட தொழிற்சங்கத்தைப் பத்தி. மத்த சங்கமெல்லாம் மைக்கேல்ஸ் சொன்ன மாதிரியே ஒரு கோஷ்டி கைக்குள்ள போனப்ப, இந்தச் சங்கத்துக்குள்ள மட்டும் ரெண்டு கட்சி மாறி மாறி ஜெயிச்சிட்டு இருந்துச்சு. லிப்செட்டோட அப்பா அந்தச் சங்கத்துலயே உறுப்பினர், லிப்செட் சின்ன வயசுல இருந்தே அதைப் பாத்து வளர்ந்தவரு. விதிக்கு ஒத்து வராத ஒண்ணை எடுத்து, ஏன் ஒத்து வரலன்னு குடைஞ்சா அந்த விதி எந்த நிபந்தனையில ஓடுதுன்னு தெரிஞ்சிடும். அச்சுக்கோப்பாளருங்கள்ல நிறைய பேரு ராத்திரி ஷிஃப்ட் வேலை செஞ்சவங்க, மத்தவங்க வேலைக்குப் போற நேரத்துல இவங்களுக்கு ஓய்வு, அதனால இவங்களுக்குள்ளயே பழக்கம், க்ளப்பு, விளையாட்டுன்னு ஒரு தனி உலகம் உருவாச்சு, தலைமை கையில இல்லாத பேச்சு அங்க நடந்துச்சு. வேலை நேரம் மாறுனதால ஒரு சங்கத்தோட அரசியலே மாறுது! இதைக் கேட்டப்ப என் நூலகத்தோட நேரப் பலகைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அப்ப ஏன் வந்துச்சுன்னு தெரியல, பின்னாடி தெரிஞ்சுது.

தேர்வுல எப்படித் தப்பு பண்ணுவோம்னும் சொன்னாங்க. பார்பரா கெடஸ் 1990ல எழுதுன கட்டுரை. வேகமா வளர்ந்த தைவான், தென்கொரியா, சிங்கப்பூர் மாதிரி நாடுகளை மட்டும் எடுத்துப் பாத்தா எல்லாத்துலயும் தொழிலாளர்களை அடக்கி வச்சிருந்தது தெரியும், உடனே அடக்குமுறைதான் வளர்ச்சிக்குக் காரணம்னு தோணும். வளராத நாடுகளையும் சேர்த்துப் பாத்தா அங்கயும் அடக்குமுறை இருக்கு, அந்தத் தொடர்பு நிக்கல. ஜெயிச்சதை மட்டும் பொறுக்கி எடுக்குறதுல இருக்குற ஆபத்து இதுதான். என் ஆய்வுல நானும் கூட்டம் ஏறுன ஒரு கிளையை மட்டும்தான் எடுத்திருக்கேன், அதனால அன்னிக்கே முடிவு பண்ணேன், கூட்டம் குறைஞ்ச ஒரு கிளையையும் ஒப்பிடுறதுக்காவது சேர்க்கணும்னு. ஒரு கோர்ஸால என் ஆய்வோட வடிவமே மாறுனது இந்த இடத்துலதான்.

நாலாவது வாரம் வீடியோ கம்மி, அசைன்மென்ட்தான் எல்லாம். ஒரே ஒரு வாக்கியம் எழுதணும், 'என் கேஸ் எதோட கேஸ்?' நான் முதல்ல எழுதுனது "இது ஒரு கிளை நூலகத்தைப் பத்திய கேஸ்". திருப்பி அனுப்பிட்டாங்க, அது இடத்தோட பேரு, எதோட உதாரணம்னு வரலன்னு. ரெண்டாவது, "வாசிப்புப் பழக்கத்தைப் பத்திய கேஸ்". அதுவும் திரும்பி வந்துச்சு, வாசிப்புப் பழக்கத்தை நீங்க எங்க அளந்தீங்க, வந்துட்டுப் போற ஆளுங்களைத்தானே எண்ணுறீங்கன்னு கேட்டு. அஞ்சாவது தடவைதான் தேறுச்சு, "பயன்பாடு குறைஞ்சிட்டு வர்ற ஒரு பொது அமைப்புக்குள்ள அந்தப் போக்குக்கு எதிரா போற ஒரு அலகோட கேஸ்". இதை எழுதுன அன்னிக்கு ராத்திரிதான் பேனல்ல கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சுது. நான் எல்லா நூலகத்தையும் பத்திச் சொல்லப் போறதில்ல. இப்படிப்பட்ட அமைப்பு ஏன் தேயுதுன்னு இருக்குற தியரி என் கேஸுல எங்க உடையுதுன்னு சொல்லப் போறேன். யின் இதைத்தான் பகுப்பாய்வு வழிப் பொதுமைன்னு சொல்றாரு, சாம்பிள்ல இருந்து அது எடுக்கப்பட்ட மொத்தக் கூட்டத்துக்குப் போறது இல்ல, கேஸுல இருந்து தியரிக்குப் போறது. பெந்த் ஃப்ளுப்யெர் 2006ல கேஸ் ஸ்டடி பத்தின அஞ்சு தப்பான புரிதல்னு ஒரு கட்டுரை எழுதுனாரு, அதுல ரெண்டாவது தப்பே 'ஒரே கேஸுல இருந்து பொதுமைப்படுத்த முடியாது'ங்கிறதுதான். இந்த ஒரு கட்டுரையை மட்டுமாவது படிச்சிட்டு வைவாவுக்குப் போங்க.

அஞ்சாவது வாரம் சான்று சேகரிக்கிறது. யின் ஆறு வகை சொல்றாரு, ஆவணம், பழைய பதிவேடு, பேட்டி, நேரா பாக்குறது, கூட இருந்து பாக்குறது, அப்புறம் பொருள்கள். கடைசில சொன்ன பொருள்களைத்தான் நாம யாரும் கண்டுக்குறதே இல்ல. அசைன்மென்ட்ல ஆறுல மூணாவது பயன்படுத்திக் காட்டணும்னு இருந்ததால நூலகத்துல போய் உக்காந்து பொருள்களைப் பாத்தேன். ஜன்னல் பக்கம் இருக்குற மேசைக்குக் கீழ தரை புதுசா இருக்கு. ட்யூப்லைட்டுக்கு நேர் கீழ இருக்குற ஆறு நாற்காலிக்குக் கீழ மட்டும் இழுத்து இழுத்து வெள்ளை வெள்ளையா கோடு விழுந்திருக்கு. பகல்ல வர்றவங்க ஜன்னல் வெளிச்சத்தைத் தேடித்தானே உக்காருவாங்க, அப்ப இது இருட்டுனப்புறம் உக்காந்தவங்க போட்ட கோடு. பேட்டில இதை ஒருத்தர்கூட சொன்னதில்ல.

அப்புறம்தான் வருகைப் பதிவேட்டை மறுபடி எடுத்தேன். நூலகர் மேடம் பேட்டில உறுதியா சொன்னது, புதுப் புத்தகம் வந்ததாலதான் கூட்டம் ஏறுச்சுன்னு. ஸ்டாக் ரிஜிஸ்டர்படி புத்தகம் வந்தது ஜனவரி. மாலை நேரத்தை நீட்டிச்சு ஆர்டர் வந்தது அதுக்கு முந்துன அக்டோபர். ஆனா வருகைப் பதிவேட்டுல ஆறு மணிக்கு மேல வந்தவங்க பேரு ஆகஸ்ட்லயே ஆரம்பிக்குது! அந்த ரெண்டு மாசப் பக்கத்துல வந்தவங்க பேரையும் கையெழுத்தையும் பேனாவுல போட்டிருக்காங்க, நேரம் போடுற கட்டத்துல மட்டும் பென்சில், அதுவும் எல்லாம் ஒரே ஆளு கை. அக்டோபருக்கு அப்புறம் நேரமும் பேனாவுக்கு மாறுது. ரெண்டு வருஷமா அந்தப் பதிவேட்டுல இருந்து நான் எண்ணிக்கையை மட்டும்தான் எடுத்து எக்ஸெல்ல ஏத்திட்டு இருந்தேன், பென்சிலைப் பாக்கவே இல்ல.

ஆறாவது வாரம் ப்ராசஸ் ட்ரேசிங், அதாவது காரணத்துல இருந்து விளைவு வரைக்கும் கண்ணி கண்ணியா பின்தொடர்றது. ஸ்டீஃபன் வான் எவரா 1997ல சொன்ன நாலு வகைச் சோதனையை வச்சு நடத்துனாங்க. ஹூப் டெஸ்ட்னா வளையத்துக்குள்ள நுழைஞ்சே ஆகணும், நுழையலன்னா அந்த விளக்கம் அவுட்டு, நுழைஞ்சாலும் நிரூபணம் ஆயிடாது. ஸ்மோக்கிங் கன்னா கிடைச்சா விளக்கம் நின்னுடும், கிடைக்கலன்னா அதுக்காக விளக்கம் சாகாது. மத்த ரெண்டும் இதோட கூட்டல் கழித்தல்தான், ஒண்ணு ரெண்டையும் செய்யும், இன்னொண்ணு ரெண்டையும் செய்யாது. என் கேஸுல உடனே போட்டுப் பாத்தேன், புத்தகம்தான் காரணம்னா கூட்டம் புத்தகத்துக்கு அப்புறம் ஏறியிருக்கணும், முன்னாடியே ஏறிடுச்சு, ஹூப்ல நுழையல. ஆர்டர்தான் காரணம்னா அக்டோபர்ல ஆரம்பிச்சிருக்கணும், அதுவும் நுழையல. ரெண்டு மாசம் விளக்கம் இல்லாம தொங்குது.

இந்த வாரத்துல காட்டுன உதாரணம்தான் மொத்தக் கோர்ஸுலயும் எனக்கு மறக்காதது. 1986 ஜனவரி 28, சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 விநாடியில சிதறுது, ஏழு பேரு இறந்துடுறாங்க. டயான் வாகன் சமூகவியலாளர், இதை ஒரு கேஸா எடுத்து 1996ல புத்தகம் வெளியிடுறாங்க. ஆரம்பிக்கும்போது அவங்க கையில இருந்த விளக்கம், மேலாளருங்க கால அட்டவணை நெருக்கடியில தெரிஞ்சே விதியை மீறுனாங்கங்கிறது. எல்லாரும் நம்புன விளக்கமும் அதுதான். ஆவணத்தை வருஷக்கணக்கா படிச்சப்ப விதிமீறல்னு நினைச்சது நாசாவோட சொந்த விதிப்படியே நடந்திருக்கு, விலக்கு கொடுக்குறதுக்கும் ஒரு நடைமுறை இருந்து அது பின்பற்றப்பட்டிருக்கு. ஒரு பயணத்துல ஓ-ரிங், அதாவது ராக்கெட் இணைப்புல கேஸ் கசியாம அடைக்கிற ரப்பர் வளையம், கொஞ்சம் சேதமாகும், ஒண்ணும் ஆகலயேன்னு அதை ஏத்துப்பாங்க, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம், அதையும் ஏத்துப்பாங்க, இப்படியே விலகல் வழக்கமா மாறிடுது. யாரும் கெட்டவங்களா இல்லாமலேயே ஏழு உசிரு போகுது. ஆய்வாளரோட முதல் விளக்கத்தை கேஸே உடைச்சுப் போட்டுடுச்சு. கேஸ் ஸ்டடி எழுதுறவங்க தனக்கு வேணும்கிறதைத்தான் நிரூபிச்சுப்பாங்கன்னு சொல்றவங்க இதைப் படிக்கணும். அந்த வீடியோ முடிஞ்சும் ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

இனி குறைகள். ஏழாவது வாரம் வீண். பேட்டில வர்ற பேச்சுக்குக் குறிப்புப் பேரு வச்சு வகை பிரிக்கிறது (கோடிங்), அதுக்கான சாஃப்ட்வேர், எழுதுற வடிவம், பல கேஸ் ஒப்பீடு, இத்தனையையும் ஒரே வாரத்துல திணிச்சிட்டாங்க. சாஃப்ட்வேர்ல எந்த பட்டனை அழுத்தணும்னு காட்டுனாங்களே தவிர எதுக்கு எந்தக் குறிப்புப் பேரு வைக்கணும்னு சொல்லல. கேத்லீன் ஐசன்ஹார்ட் 1989 கட்டுரை, நாலுல இருந்து பத்து கேஸ் வரைக்கும் வச்சு தியரி கட்டுறதைப் பத்தினது, அதுக்கே ஒரு வாரம் வேணும், பத்து நிமிஷத்துல தாண்டிட்டாங்க. பல கேஸ் வச்சு ஆய்வு பண்றவங்களுக்கு இது பெரிய நஷ்டம். எழுதுறதைப் பத்தியும் ரொம்பக் கம்மியா சொன்னாங்க. கேஸ் ஸ்டடில பாதி உழைப்பே எழுத்துதான், எதைக் கதையா சொல்லணும் எதை அட்டவணையா போடணும்னு தெரியாமதான் முக்கால்வாசி பேரு ட்ராஃப்டோட மாட்டிக்கிறோம்.

சக மாணவர் மதிப்பீடும் சரியில்ல. ஒவ்வொரு அசைன்மென்ட்டையும் மூணு பேரு திருத்துவாங்க, அதுல ஒருத்தர் ஆறாவது வாரத்துலயும் "சாம்பிள் போதாது, இன்னும் பத்து நூலகம் சேருங்கள்"னு எழுதுறாரு. அவரைக் குறை சொல்லல, நாலு மாசம் முன்னாடி இருந்த நானா இருந்தா அதையேதான் எழுதியிருப்பேன். நடத்துறவங்க அந்த இடத்துல வந்து ஒரு வார்த்தை சொல்லித் திருத்தியிருக்கணும்ல? வரவே இல்ல. நாலாவது வாரம் வாக்கியத்தை நாலு தடவை பொறுமையா திருப்பி அனுப்புன அதே அக்கறை கடைசி வரைக்கும் இருந்திருந்தா நான் முழு மார்க் போட்டிருப்பேன். சப்டைட்டில் பல இடத்துல தப்பு, 'கேஸ்' வர்ற இடத்துல எல்லாம் வேற வார்த்தை வருது, ஆங்கிலம் காதுல பழகாதவங்களுக்குக் கஷ்டம்தான்.

எல்லாத்தையும் விட பெரிய குறை, ஆய்வு நெறியைக் கொண்டு போய் எட்டாவது வாரத்துல வச்சது. இது ரெண்டாவது வாரத்துல வந்திருக்கணும். பாடம் நல்ல பாடம், அதுல சந்தேகமில்ல. 1958ல விடிச், பென்ஸ்மன் ரெண்டு பேரும் அமெரிக்காவுல ஒரு சின்ன ஊரைப் பத்தி புத்தகம் போட்டாங்க. ஊருக்கு ஸ்பிரிங்டேல்னு பேரு மாத்தி, ஆளுங்க பேரையும் மாத்திட்டாங்க. ஆனா ஊருல இருக்குறவங்களுக்கு யாரு யாருன்னு ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடுச்சு, ஏன்னா அந்தப் பதவில இருந்தது ஒரே ஒருத்தர்தான். அதுக்கப்புறம் அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4 ஊர்வலத்துல ஊர்க்காரங்க புத்தகத்துல கொடுத்த பொய்ப்பேரையே எழுதி மாட்டிக்கிட்டு வந்தாங்க. கடைசி வண்டி எரு தூவுற வண்டி, அது மேல எருவைக் குனிஞ்சு பாக்குற மாதிரி ஆசிரியரோட பொம்மை. இதைக் கேட்டப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. பேரை மாத்திட்டா மறைச்சாச்சுன்னு நினைச்சுதான் நானும் ஒப்புதல் படிவத்துல கையெழுத்து வாங்கியிருக்கேன். சர்வேல ஆயிரத்துல ஒருத்தர் ஒளிஞ்சுக்கலாம். ஒரே ஒரு நூலகத்தை எழுதுனா நூலகர் ஒருத்தர், உதவியாளர் ஒருத்தர், எங்க ஒளியுறது? களத்துக்குப் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்க வேண்டியது இது.

யாருக்கு இந்தக் கோர்ஸ் ஆகும்னு கேட்டா, கேஸை ஏற்கெனவே கையில வச்சுக்கிட்டு அதைத் தற்காத்துப் பேசத் தெரியாம இருக்குறவங்களுக்கு, முதுகலை கடைசி வருஷம், பிஎச்டி முதல் ரெண்டு வருஷம், அப்புறம் திட்ட மதிப்பீடு பண்ற அமைப்புகள்ல வேலை பாக்குறவங்களுக்கும். இன்னும் தலைப்பே முடிவாகாதவங்க காத்திருங்க, ஏன்னா நாலாவது வாரத்துல சொந்தக் கேஸ் இல்லாம உக்காந்தா ஒண்ணும் ஏறாது. பிசினஸ் ஸ்கூல்ல வகுப்புல விவாதிக்கக் கொடுக்குற கேஸை எழுதக் கத்துக்கணும்னா அது வேற வேலை, இங்க வராதீங்க. அது பாடம் நடத்துறதுக்காக எழுதுறது, ஆய்வு இல்ல. வாரத்துக்கு ஆறு மணி நேரம்னு போட்டிருக்காங்க, நம்பாதீங்க, எனக்குப் பத்துக்குக் குறைஞ்சு முடியல.

அந்தப் பென்சில் விஷயத்தைச் சொல்லாம விட்டா சரியா இருக்காது. கோர்ஸ் முடிஞ்சு ரெண்டாவது வாரம் பழைய உதவியாளரைத் தேடிப் போனேன், அவர் ரிட்டயர் ஆயிட்டாரு, என் பேட்டிப் பட்டியல்லயே அவர் பேரு இல்ல. பதிவேட்டோட ஜெராக்ஸைக் காட்டுனேன். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு, "என் கையெழுத்துதான்மா"ன்னாரு. ஆகஸ்ட்ல சில பிள்ளைங்க சாயந்திரம் வந்து பூட்டுன கதவுக்கு வெளிய படிக்கட்டுல உக்காந்து படிச்சிருக்காங்க, லைட் வெளிச்சம் போதலன்னு இவரு ஆர்டர் எதுவும் இல்லாமலேயே கதவைத் திறந்து விட்டிருக்காரு. "பென்சில் எதுக்குங்க ஐயா?"ன்னு கேட்டேன். "யாராச்சும் மேல இருந்து வந்து கேட்டா அழிச்சிடலாம்னுதான்மா". ரெண்டு மாசம் கழிச்சு கூட்டத்தைப் பாத்துட்டுத்தான் ஆர்டரே வந்திருக்கு.

இதை இங்க எழுதலாமான்னு அவர்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், அடையாளம் தெரியுற விவரம் ரெண்டு மூணை மாத்தியிருக்கேன். தீசிஸ் விஷயம்தான் இப்ப சிக்கல். நான் பேரை மறைக்கிறேன்னு சொன்னேன், அவரு வேணாங்கிறாரு, "இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒருத்தி வந்து கேக்குறே, என் பேரைப் போடும்மா"ங்கிறாரு. எங்க எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல்ல யாரு பேரும் வராதுன்னு நான்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். பேரு போட அனுமதி கேட்டு, அவரோட கையெழுத்துக் கடிதத்தையும் வச்சு, திருத்தின படிவம் போன திங்கள்கிழமை கொடுத்திருக்கேன், இன்னும் பதில் வரல.